ஏரோதுக்கு ரத்தம் குறைந்தபோது

நவம்பர் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பியூலா டீச்சர் நேரே என்னிடம் வந்து, “டைட்டஸ் சார், ஒரு உதவி செய்யணுமே” என்றார். என்ன உதவி என்று கேட்பதற்கு முன்பே “சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக நடிக்க ஆள் இல்லையாம். வழக்கமாக அந்த வேஷம் போடுகிறவர் மதுரைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

ஏரோது என்றால், இயேசு பிறந்த செய்தி கேட்டுப் பயந்துபோய், ஊரிலுள்ள பச்சைப்பிள்ளைகளை எல்லாம் வெட்டச் சொன்ன கொடுங்கோலன்.

“என்னப் பார்த்தா அப்படியா தெரியுது டீச்சர்?”

“உயரம் இருக்குல்லா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

மாட்டுத்தீவனக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. மார்த்தாண்டத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்தபோது துணிமணியோடு இதையும் கொண்டுவந்தேன். பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதனைக் கூட வேலை, மாடியில் ஒற்றை அறை, ஞாயிற்றுக்கிழமை கோயில். எழுத என்ன இருக்கிறது? இன்றுதான் ஒரு விஷயம் கிடைத்தது. நாடகக் குறிப்புகளுக்காக மட்டுமே எழுதுகிறேன்.

நவம்பர் 6, புதன்

முதல் ஒத்திகை. “பிடித்து வாருங்கள் அந்த ஞானிகளை!” என்று நான் முழங்க வேண்டும். முழங்கினேன்.

பியூலா டீச்சர் கையிலிருந்த தாளால் நெற்றியில் தட்டிக்கொண்டார். “சார், நீங்க சேவகனுக்குக் கட்டளை போடுதீங்க. ரேஷன் கடையில சீனி கேக்கல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறார். நாடகத்தையும் கணக்கு மாதிரியே நடத்துகிறார். தப்பு என்றால் தப்பு, மறுபடி போடு. இன்று பச்சையில் சின்னப் பூப்போட்ட சேலை கட்டியிருந்தார். இது நாடகக் குறிப்பு அல்ல. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நான்கு நாளாக விடாத மழை. கோயில் சாமான் அறை ஒழுகுகிறது. நாடக உடுப்புகள் இருக்கிற பெரிய தகரப் பெட்டியை எங்கே வைப்பது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. சபைப் பொருளாளர் ஏசுவடியான் ஐயா என்னைப் பார்த்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், விறைப்பான ஆள். பியூலா டீச்சரின் அப்பா.

“தம்பி, நீரு தனி ஆளுதான? உம்ம ரூம்ல கெடக்கட்டும். என் வீட்டுல வைக்க முடியாது. அந்தப் பாச்சை உருண்டை வாடை எனக்கு ஆகாது. தலையச் சுத்தும்.”

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வருஷா வருஷம் பூச்சி அரிக்காமல் இருக்க அதை அள்ளிப் போட்டு வைப்பார்களாம். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். பொருளாளர் நம்மிடம் ஒன்றை ஒப்படைக்கிறார் என்றால் நம்மைப் பற்றி நல்ல அபிப்பிராயம் என்றுதானே அர்த்தம்? ஆட்டோவில் ஏற்றி வந்து, இரண்டு பேர் பிடித்து மாடியேற்றி, கட்டிலின் தலைமாட்டில் வைத்தோம். மழைச்சாரல் அடிப்பதால் இருக்கிற ஒரே ஜன்னலையும் சாத்தி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பெட்டியிலிருந்து ஏரோதின் அங்கியை எடுத்தேன். ஊதா வெல்வெட்டு, ஓரமெல்லாம் ஜரிகை. அதைப் போட்டதும் குரல் தானாகக் கனத்தது! கண்ணாடிக்கு முன்னால் வசனம் முழுவதையும் சொல்லிப் பார்த்தேன். குளிராக இருந்ததால் அதையே போர்த்திக்கொண்டு தூங்கினேன். என் போர்வையை விடக் கதகதப்பாக இருக்கிறது. இனி இதுதான்.

நவம்பர் 15, வெள்ளி

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முப்பது வயதுக்கு இது கொஞ்சம் சீக்கிரம். தலைவலி வேறு. ஒத்திகையில் உட்கார்ந்தபடியே முழங்கினேன். ராஜா சிங்காசனத்தில்தானே இருப்பான் என்று சமாளித்தேன்.

நவம்பர் 16, சனி

காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. நிறைய தண்ணீர் குடித்தேன். மதியமும் அதே நிறம். யாரிடமும் சொல்லவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாலை ஒத்திகைக்குப் போனபோது பியூலா டீச்சர் வசனத்தை நிறுத்தச் சொன்னார்.

“இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. கண்ணக் காட்டுங்க.”

காட்டினேன். அவ்வளவு பக்கத்தில் இதுவரை நின்றதில்லை.

“மஞ்சளா இருக்கு சார். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. போகலேன்னா நானே வந்து கூட்டிட்டுப் போவேன்.”

போகாமல் இருந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

நவம்பர் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். ஹீமோகுளோபின் ஆறரைதான் இருக்கிறது. குறைந்தது பதின்மூன்று இருக்க வேண்டுமாம். இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு எப்படி பைக் ஓட்டி வந்தீர் என்று நர்ஸ் அதட்டினார். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்.

ரத்தநோய் டாக்டர் ஷரிபா வந்து பார்த்தார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. இது ஈரல் காமாலை இல்லை என்றார். சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைகின்றன. உடைந்த அணுவிலிருந்து வரும் நிறம்தான் கண்ணில் மஞ்சள், சிறுநீரில் காப்பி.

“மைக்ராஸ்கோப்ல பார்த்தேன். உங்க அணுக்கள் பல்லால கடிச்சு வெச்ச பிஸ்கட் மாதிரி இருக்கு” என்றார். ரசித்துச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்கும் ஒருமுறை எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. பாலில் கிருமி தேடுகிறவனுக்கு மைக்ராஸ்கோப்மேல் ஒரு பிரியம் இருக்கத்தானே செய்யும்.

நவம்பர் 18, திங்கள்

டாக்டர் நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். புரிந்த வரைக்கும் எழுதி வைக்கிறேன்.

“வாழைக்காய நறுக்கித் தண்ணியில போடாம வெச்சா என்ன ஆகும்?”

“கறுத்துப்போகும்.”

“அதுதான். நம்மள வாழ வைக்கிற ஆக்ஸிஜனே சில சமயம் சேட்டையும் பண்ணும். சிவப்பணுவுக்குள்ளயும் அது நடக்கும். அதுக்கு ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்னு பேரு. எல்லாருக்கும் எந்நேரமும் நடக்குறதுதான். அதைச் சமாளிக்க அணுவுக்குள்ள ஜி-சிக்ஸ்-பி-டின்னு ஒரு நொதி இருக்கு. உங்களுக்கு அது பிறவியிலேயே குறைவுன்னு நெனைக்கிறேன்.”

“அப்ப இத்தனை வருஷம் எப்படி டாக்டர் சும்மா இருந்தேன்?”

“சாதாரண நாள்ல இருக்கிறத வெச்சு உடம்பு ஓட்டிரும். ஏதாவது ஒரு பொருள் உள்ள போய் அந்தச் சேட்டையைப் பத்து மடங்கு ஆக்கினாத்தான் அணு தாங்காம உடையும். அது என்ன பொருள்னுதான் கண்டுபிடிக்கணும்.”

அதற்கான பரிசோதனையும் செய்தார்கள். அளவு சரியாக இருக்கிறது என்று வந்துவிட்டது! ஆனால் டாக்டர் அசரவில்லை. பழைய அணுக்கள் உடைந்துபோய்விட்டன, இப்போது இருப்பவை புதிதாய்ப் பிறந்தவையும் தானமாக வந்தவையும், அவற்றில் அந்த நொதி நிறைய இருக்கும், அதனால் பரிசோதனை ஏமாற்றும், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்றார்.

பிறகு கேள்வி மேல் கேள்வி. என்ன சாப்பிட்டேன், என்ன மாத்திரை போட்டேன், மலேரியா மாத்திரை எப்போதாவது போட்டதுண்டா, வீட்டில் பாச்சை உருண்டை வாங்கி வைத்திருக்கிறேனா.

“என்கிட்ட ஏது டாக்டர் பட்டுச்சேலை? அதெல்லாம் நான் வாங்கினதே கிடையாது” என்றேன். அவர் சிரித்துவிட்டு, என் வேலையைப் பற்றிக் கேட்டார். பாலில் மெத்திலீன் நீலம் என்கிற சாயத்தைக் கலந்து, நிறம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போம், சீக்கிரம் வெளுத்தால் கிருமி அதிகம் என்றேன். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நொதி குறைந்தவர்களுக்கு அந்தச் சாயம் ஆகவே ஆகாதாம். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்ற மாதிரி எழுதிக்கொண்டார்.

இந்தப் பேச்சு நடந்தபோது ஏசுவடியான் ஐயாவும் பியூலா டீச்சரும் என்னைப் பார்க்க வந்து நின்றிருந்தார்கள். டாக்டர் மலேரியா மாத்திரை என்றபோது ஐயா ஏனோ ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வாங்கி வைத்த டீயைக் குடிக்காமலே புறப்பட்டுவிட்டார். ஆஸ்பத்திரி வாடை பிடிக்கவில்லை போலும்.

ஊருக்குப் போன் போட்டேன். “நீ பொறந்தப்பமே மஞ்சளாத்தான் மக்களே இருந்த. லைட்டுக்குக் கீழ போட்டு வச்சிருந்தாவ. எல்லாப் பிள்ளையளுக்கும் வருமுன்னு சொன்னாவ” என்றார் அம்மா. பிறகு அழுதார். பிறகு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

நவம்பர் 22, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிறம் தெளிந்துவிட்டது. மேலாளர் என்னைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அலுவலக மேசைக்கு மாற்றிவிட்டார். ஒரு வாரம் நல்ல ஓய்வு என்பது டாக்டர் உத்தரவு. கதவைச் சாத்திவிட்டு, அங்கியைப் போர்த்திக்கொண்டு, ராஜா மாதிரித் தூங்கப்போகிறேன்.

நவம்பர் 25, திங்கள்

நன்றாகத்தான் ஓய்வெடுக்கிறேன். வெளியே தலைகாட்டவே இல்லை. ஆனால் மறுபடி கடுங்காப்பி. சாயத்தைத் தொட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஓய்வெடுக்க எடுக்க மோசமாகிறதே, இது என்ன கூத்து?

கொஞ்சம் பயமாக இருக்கிறது. கொஞ்சம் என்று எழுதினேன்.

நவம்பர் 26, செவ்வாய்

இன்றைய நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அம்மா! மார்த்தாண்டத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். கோயிலில் வழி கேட்க, பள்ளிக்கூடம் போகிற வழியில் அங்கே வந்திருந்த பியூலா டீச்சர் கூட்டிவந்திருக்கிறார். நான் லுங்கியும் பனியனுமாக நின்றேன்.

அம்மா ஒரு கால் உள்ளே வைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “என்ன மக்களே இது, துணிக்கடை குடோன் மாதிரி நாறுது?”

“என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

உண்மையிலேயே தெரியவில்லை. மூக்குக்குப் பழகிவிட்டது.

பியூலா டீச்சர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் பார்வை தகரப் பெட்டிமேல் போயிற்று. சாத்திய ஜன்னல்மேல் போயிற்று. கட்டிலில் சுருண்டு கிடந்த ஊதா வெல்வெட்டில் போய் நின்றது.

“சார், இதப் போத்திக்கிட்டா தூங்குதீங்க?”

“குளிருக்கு நல்லா இருக்கு டீச்சர்.”

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து பெட்டியைத் திறந்தார். உடுப்புகளைத் தூக்கிப் பார்த்தார். அடியில் தரையே தெரியாமல் வெள்ளை வெள்ளையாகப் பாச்சை உருண்டைகள். அங்கியின் பையிலும் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். நான் அந்தப் பைக்குள் கைவிட்டதே இல்லை. அப்படியே வெளியே படிக்கு வந்து டாக்டருக்குப் போன் போட்டார். போனிலிருந்து டாக்டரின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“எத்தனை நாளா அந்த ரூம்லயே இருக்கார்? ஜன்னல் சாத்தியா? அவர்கிட்ட நான் நேராவே கேட்டேனே!”

“அவர் வாங்கலையாம் டாக்டர். சங்கத்துப் பொம்பளைங்க வாங்கினது.”

டாக்டர் சிரித்தாரா கோபப்பட்டாரா தெரியவில்லை. “அந்த வாடைய இழுத்தாலே அவர் அணு உடையும். மொதல்ல ஆளை வெளிய கொண்டுவாங்க. நேரா இங்க வாங்க” என்றார்.

அம்மா என் சட்டையைத் தேடவிடவில்லை. பனியனோடு கையைப் பிடித்துப் படியிறக்கித் தெருவில் நிறுத்திவிட்டார். எதிர்க் கடையில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை. என்ன காரணம் என்று தெரிந்துவிட்டதே! அந்த நிம்மதியில் அங்கேயே நடுத்தெருவில் சிரித்தேன். பியூலா டீச்சர் சிரிக்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி பட்டிருக்கும்.

நவம்பர் 29, வெள்ளி

இன்னொரு பாட்டில் ரத்தம் ஏறியது. இறங்கிக்கொண்டிருந்த அளவு நின்று, ஏற ஆரம்பித்துவிட்டது. யாரோ இரண்டு பேர் என் உடம்புக்குள் இப்போது ஓடுகிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

அம்மா என் அறையைக் கழுவி, பாயைக் கூட வெயிலில் போட்டு, ஜன்னலைத் திறந்து கயிறு கட்டிவிட்டார், மறுபடி சாத்த முடியாதபடி. பெண்கள் சங்கத்தார் வந்து பெட்டியைத் தூக்கிப் போனார்கள். அவர்களில் மூன்று பேர் என்னிடம் தனித்தனியாக அழுதார்கள். தெரியாமல் செய்ததற்கு என்ன செய்ய முடியும்? ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் குழம்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றும் மீன் குழம்பு.

டிசம்பர் 1, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். பாட்டு முடிகிற வரைக்கும் நின்றபடியே பாட முடிந்தது.

வெளியே வரும்போது ஏசுவடியான் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார். தரையைப் பார்த்தபடி பேசினார்.

“தம்பி, நீரு நல்ல பையன். ஆனா இது ரத்தத்துல உள்ள வியாதி. தலைமுறைக்கும் போகும்னு சொல்லுதாவ. எனக்கு ஒத்தப் பொண்ணு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அவ அலைஞ்சத ஊரே பாத்திருக்கு. நாடகத்தோட நிறுத்திக்கிடுவோம்.”

எதை நிறுத்துவது? நான் எதையும் ஆரம்பிக்கவில்லையே. “சரிங்க ஐயா” என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

ராஜபதி கிராமத்து வண்டியில் வந்த பாலில் தண்ணீர் கலந்திருந்தது. அம்மா ஊருக்குப் போய்விட்டார். வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

ஒத்திகை. இன்று என் முழக்கத்துக்குச் சின்னப் பிள்ளைகள் பயந்தார்கள். டீச்சர் பாராட்டவில்லை. எல்லோரும் போனபிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“அப்பா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்ல டீச்சர்.”

“நாலு நாளா என் முகத்தப் பாக்காம வசனம் பேசுதீங்க. ஒண்ணும் இல்லையா?”

சொன்னேன். மழுப்பத்தான் நினைத்தேன். ஆனால் கணக்கு டீச்சர் குறுக்குக் கேள்வி கேட்டால் யார்தான் தப்பிக்க முடியும்? அவர் கையிலிருந்த நாற்காலியைச் சத்தமாகக் கீழே வைத்தார்.

“சனிக்கிழமை நான் அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அவங்க சந்தேகத்த அவங்களே கேக்கட்டும்.”

“வேண்டாம் டீச்சர். எதுக்கு?”

“உங்களுக்காக இல்ல. எனக்காக.”

அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே பைக்கை எடுத்தேன். வேறு யாருடைய பைக்கையோ எடுக்கப் போயிருக்கிறேன். சாவி சேரவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

பால் நிலையத்துக்கு ஏசுவடியான் ஐயா வந்தார். என் மேசைக்கு எதிரே விறைப்பாக உட்கார்ந்தார். நான் பால் கொண்டுவரச் சொன்னேன். வேண்டாம் என்றவர், வந்ததும் குடித்தார். காலித் தம்ளரை உருட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

“அஸ்ஸாம்ல தேஜ்பூர்னு ஒரு இடம். எனக்கு இருவத்தஞ்சு வயசு. மலேரியா வந்து மாத்திரை குடுத்தாவ. மூணாம் நாள் ஒண்ணுக்குப் போனா கறுப்பா போகுது. கண்ணு மஞ்சள். மிலிட்டரி ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்திப் பொழைக்க வச்சாவ. இனிமே இந்த மாத்திரை தொடாதன்னு ஒரு டாக்டர் சொன்னாரு. ஏன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல.”

நான் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

“அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். ஏதோ வியாதின்னு தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. பியூலா அம்மைக்குக் கூடத் தெரியாது. அன்னைக்கு அந்த டாக்டரம்மா உம்மகிட்ட மலேரியா மாத்திரைன்னு கேக்கவும் நான் ஜன்னல் பக்கம் போயிட்டேன். நம்ம பிள்ளைக்கும் இருக்குமோ, நாமதான் குடுத்தமோன்னு. அந்தப் பயத்துலதான் உம்மகிட்ட அப்படிப் பேசினேன் தம்பி.”

சனிக்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மகளை வைத்துக்கொண்டே. அங்கேயே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அவருக்குச் சமீபத்தில் அணு எதுவும் உடையவில்லை என்பதால் பரிசோதனை ஏமாற்றவில்லை. இன்று முடிவு வந்துவிட்டது. ஜி-சிக்ஸ்-பி-டி குறைவு. பாச்சை உருண்டை வாடை ஆகாது என்று அவர் ஒதுங்கிப் போனதே நல்லதாகப் போயிற்று என்றாராம் டாக்டர்.

“டாக்டரம்மா என்ன சொன்னாவ தெரியுமா? இது வியாதின்னு சொல்லுததவிட ஒரு குணம்னு சொல்லலாம், ஆகாதத ஒதுக்கிட்டா நூறு வருஷம் இருக்கலாம்னாவ. இத்தன வருஷம் நான் பயந்தது எதுக்கு?” என்று சொல்லி எழுந்தார். போகிறவர் திரும்பி வந்து, பட்டாளத்து மாதிரி என் தோளில் ஒரு தட்டு தட்டினார். “நாம ரெண்டு பேரும் ஒரே ரெஜிமெண்டு வே!”

தோள் இன்னும் வலிக்கிறது. சந்தோஷமான வலி.

டிசம்பர் 15, ஞாயிறு

ஹீமோகுளோபின் பத்தரை. ஃபோலிக் அமில மாத்திரையைத் தவிர வேறு மருந்து இல்லை. நாடகத்தில் நடிக்கலாமா என்று கேட்டேன். “கத்தலாம். ஓடக் கூடாது. வேஷத்துணி புதுசா இருக்கணும்” என்றார் டாக்டர் ஷரிபா. நாடகத்துக்கு அவரும் வருகிறாராம்.

டிசம்பர் 22, ஞாயிறு

நாடகம் நடந்தது. நடந்தது என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதாது.

பியூலா டீச்சர் வீட்டு ஜன்னல் திரையை வெட்டி எனக்கு அங்கி தைத்திருந்தார். அரக்கு நிறம், விளிம்பில் தங்கப் பேப்பர். சோப்பு மணத்தது. கோயில் வளாகம் நிறைய ஜனம். முன்வரிசையில் டாக்டர் ஷரிபா, பக்கத்தில் ஏசுவடியான் ஐயா. இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் காட்சி. குழந்தை இருக்கும் இடத்தைப் பார்த்து வந்து சொல்வதாகப் போன ஞானிகள் ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்து நான் கொதிக்க வேண்டும். சிங்காசனத்திலிருந்து எழுந்து, இருக்கிற எல்லா ரத்தத்தையும் தொண்டைக்குக் கொண்டுவந்து முழங்கினேன்: “பெத்லகேமில் ஒரு குழந்தையும் மிஞ்சக் கூடாது!”

கூட்டம் அப்படியே உறைந்துபோயிற்று. அந்த அமைதியில், மாட்டுத் தொழுவக் காட்சி முடிந்து திரைமறைவில் வைத்திருந்த குழந்தை இயேசு, எட்டு மாதப் பிள்ளை, யார் கைக்கும் அகப்படாமல் தவழ்ந்து மேடைக்கு வந்துவிட்டது. நேராக என்னிடம் வந்தது. என் அங்கியைப் பிடித்து எழுந்து நின்றது. அண்ணாந்து பார்த்து, கையை நீட்டி, தூக்கச் சொல்லிச் சிணுங்கியது.

திரைமறைவில் பியூலா டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். சேவகர்கள் ஓலைவாளை ஓங்கியபடி என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய? தூக்கிக்கொண்டேன். பிள்ளை என் ஒட்டுத்தாடியைப் பிய்த்து வாயில் வைத்தது. ஜனம் வெடித்துச் சிரித்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டுக்குழுவில் யாரோ சமயோசிதமாகத் தாலாட்டுப் பாட்டை எடுத்தார்கள், எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், ஏரோது இயேசுவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மேடையை விட்டு இறங்கினான்.

“முப்பது வருஷமா இந்த நாடகத்தப் பாக்கேன். ஏரோது மனந்திரும்பினது இந்த வருஷம்தான்” என்றார் எங்கள் சபைப் போதகரான சேகரகுரு, ஜெபத்துக்கு முன்னால், மைக்கில்.

திரைமறைவுக்குப் போனதும் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். பியூலா டீச்சர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி, பாதி பிய்ந்த என் தாடியைப் பார்த்து, சுவரில் சாய்ந்து சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். அதைப் பார்க்க இன்னும் நாலு பாட்டில் ரத்தம் இழக்கலாம். டாக்டரிடம் சொல்லக் கூடாது.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். ஏசுவடியான் ஐயா வீட்டில் சாப்பாடு. அம்மாவும் வந்திருந்தார். அம்மாவும் டீச்சரின் அம்மாவும் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. அவ்வளவு நேரம் என்னதான் பேசுவார்களோ.

ஜனவரி 19, ஞாயிறு

ஹீமோகுளோபின் பதின்மூன்றேகால். மாடிப்படியை ஓடி ஏறினேன். யாரும் பார்க்கவில்லை என்று மறுபடி இறங்கி, மறுபடி ஏறினேன்.

மார்ச் 3, திங்கள்

மறுபரிசோதனை முடிவு வாங்கும் நாள். பியூலா டீச்சர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் பாஸான மாதிரி மேசையைத் தட்டினார். “குறைவுதான். நான் அன்னைக்கே சொன்னேன்ல?” பிறவிக் குறையை உறுதி செய்ததற்கு நாங்கள் மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டோம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டச் சொல்லி ஒரு அட்டை கொடுத்தார். பரிசோதனைக் கூடத்துக்கும் திரும்பலாமாம், கையுறை போட்டுக்கொண்டு.

நான் வெளியே வந்துவிட்டேன். டீச்சர் வரவில்லை. கதவுக்குள் ஏதோ பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து முகம் சிவந்து வந்தார். எதிரே உள்ள டீக்கடைக்குப் போனோம்.

“டாக்டர்ட்ட ஒரு சந்தேகம் கேட்டேன்” என்றார்.

“என்ன டீச்சர்?”

“அப்பாக்கு இருக்கதால என்கிட்டயும் ஒரு பங்கு இருக்குமாம். பொம்பளைகளுக்கு இது ரெண்டு பங்கா வரும், அதுல ஒண்ணு நல்லா இருந்தா பெரும்பாலும் தொந்தரவு இல்லையாம். ஆனா பிள்ளைகளுக்கு, பையனோ பொண்ணோ, பாதிக்குப் பாதி வரலாமாம். வந்தாலும் பயப்பட ஒண்ணுமில்ல. பொறந்த ஒடனே சொல்லிரணும், காமாலையக் கவனிக்கணும், பாச்சை உருண்டையும் ஆகாத மாத்திரையும் கிட்ட வரக் கூடாது. அவ்வளவுதான்.”

ஒவ்வொரு வரியாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரிச் சொன்னார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவரிடம் ஒரு பங்குதான் என்றால், பெண் பிள்ளைக்கும் முழுதாக வர வேண்டுமானால் அப்பனிடமும் இருக்க வேண்டுமே.

“யாரு பிள்ளைகளுக்கு டீச்சர்?”

அவர் டீயை ஊதினார். என்னைப் பார்க்கவில்லை.

“நம்ம பிள்ளைகளுக்குத்தான் டைட்டஸ்.”

சார் இல்லை. வெறும் டைட்டஸ். என் கையிலிருந்த டீ பாதி சட்டையில். சூடு தெரியவில்லை. என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. “சரி” என்று சொன்னதாக அவர் சொல்கிறார், மூன்று தடவை.

மாலையில் ஏசுவடியான் ஐயா போன் செய்தார். “நாளை மறுநாள் சாம்பல் புதன். லெந்து நோன்பு ஆரம்பிச்சா ஈஸ்டர் வரைக்கும் நான் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன். அவ்வளவு நாள் எனக்குப் பொறுமை கிடையாது வே. உம்ம அம்மாவ நாளைக்கே வரச் சொல்லும்.”

உடனே ஊருக்குப் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“அம்மா, நாளைக்குக் காலையில வர முடியுமா? பியூலா டீச்சர் வீட்டுக்கு... அவங்க அப்பா... அதாவது...”

“எல்லாம் தெரியும் மக்களே” என்றார் அம்மா. “நீ பனியனோட தெருவுல நின்னு சிரிச்சப்பம் அந்தப் பிள்ளை அழுதுச்சு பாரு. அன்னைக்கே தெரியும். எனக்குக் கட்டிக்கிடச் சேலை கிறிஸ்துமசுக்கே எடுத்தாச்சு. காலையில மொத பஸ்ஸுக்கு வந்துருவேன். பூவும் பழமும் மட்டும் நீ வாங்கி வை.”